பிள்ளையை யாருகிட்ட விட்டுட்டுப் போறது?

எங்கள் ராமேஸ்வரம் தீவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கிற வீடுகளில் எந்த உதவியைப் பற்றிப் பேசினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டும்: நான் போய் வர்ற வரைக்கும் வீட்டில் இருக்கிறவர்களை யார் பார்ப்பது? சான்றிதழ் வாங்கணுமா, ராமநாதபுரம் போகணும். காலைத் தாங்கிப் பிடிக்கிற ஸ்பிளின்டுக்கு அளவு கொடுக்கணுமா, ராமநாதபுரம். வலிப்பு மருந்தின் அளவை மாற்றணுமா, அதற்கும் ராமநாதபுரம்தான். தங்கச்சிமடத்தில் பஸ் ஏறி, பாலம் தாண்டி, மண்டபம், உச்சிப்புளி கடந்து போய்ச் சேர்ந்து, வரிசையில் நின்று, திரும்பி வீடு வந்தால் பொழுது சாய்ந்திருக்கும்.

என் மகனுக்கு ஒன்பது வயசு. வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். மூளை முடக்குவாதம், அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கைகால் சொன்னபடி கேட்காது, கூடவே வலிப்பு. மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறும். வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். நான் மல்லிகைப் பதியன் போடும் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன்.

பாம்பனிலிருந்து ஒரு தங்கச்சி போன் பண்ணிக் கேட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவளுக்குப் பதினோரு மாதக் குழந்தை. இன்னும் உட்காரவில்லை, தூக்கி நிறுத்தினால் கால் ரெண்டும் விறைத்து ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்கிறது. வீட்டில் பெரியவர்கள், "இவுக அப்பனும் மெதுவாத்தேன் உக்காந்தான், சும்மா பதறாத" என்கிறார்களாம். "எங்க போயி ஆரம்பிக்கிறதுன்டே தெரியலக்கா" என்றாள். அவளிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பெரியவர்கள் சொல்வதை நான் தட்டுகிறவள் இல்லை. பேறுகாலப் பத்தியத்திலிருந்து குழந்தையைக் குளிப்பாட்டுவது வரை அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் நாலு மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதம் ஆகியும் உட்காரவில்லை, கையை எப்போதும் இறுக்க மூடியே வைத்திருக்கிறது, ஒரு வயசுக்குள்ளேயே ஒரு கையை மட்டும்தான் நீட்டுகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. முதல் சில வருஷங்களில்தான் மூளை வேகமாக வளரும். அந்த நாட்களில் கொடுக்கிற பயிற்சிக்கு இருக்கிற பலன் பிறகு கொடுப்பதற்கு இருக்காது. எதற்கும் அஞ்ச வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ சொன்னாலே போதும். பிறவிக் குறை, வளர்ச்சித் தாமதம் இருக்கிற பிள்ளைகளைப் பதினெட்டு வயசு வரைக்கும் பார்ப்பதற்கென்றே தேசிய அளவில் ஒரு திட்டம் 2013-லிருந்து நடக்கிறது. அதன் கீழ்தான் மாவட்டத் தலைநகரில் ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் இயங்குகிறது. இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி), பேச்சுப் பயிற்சி, கண், காது பரிசோதனை எல்லாம் அங்கே. காசு கிடையாது. தம்பியைக் கைக்குழந்தையாக ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது, "இது இப்படியேதான் இருக்கும்மா, அடுத்த பிள்ளையைப் பாரு" என்று சொல்லி அனுப்பினார்கள். அதைச் சொன்னவர் மறந்திருப்பார். அந்த வார்த்தையை எந்தத் தாய்க்கும் யாரும் சொல்லக் கூடாது. தம்பி இன்றைக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவன் அப்பா படகு கரைக்கு வந்துவிட்டது என்று கேட்டதும் கையைத் தட்டுகிறான்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடையில் விற்கிற நாற்காலி எதிலும் அவன் உடம்பு நிற்காது. ஒரு பக்கம் சரிவான், இல்லையென்றால் விறைத்து முன்னால் வழுக்கிக்கொண்டு வருவான். அவனுக்குப் பயிற்சி கொடுத்த இயன்முறை மருத்துவர் அம்மா ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணமாக மடங்கி உட்காரணும், பாதம் அந்தரத்தில் தொங்கக் கூடாது, தொடை ரெண்டும் ஒட்டாமல் நடுவில் ஒரு கட்டை நிற்கணும். அதை எடுத்துக்கொண்டு வள்ளம் கட்டும் ஆசாரியிடம் போனேன். அவர் வீட்டுக்கே வந்து ஒரு நூலைப் பிடித்துப் பிட்டத்திலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து பாதம், இடுப்பிலிருந்து அக்குள் என்று அளந்து, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். வள்ளத்துக்கு வாங்கி மிஞ்சிய பிளைவுட்டில் செய்தார். முன்னால் வைக்கிற பலகையில் வயிறு பதிகிற மாதிரி அரை வட்டமாக வெட்டி, தட்டு நழுவாமல் இருக்க மூன்று பக்கமும் சின்னதாக விளிம்பு அடித்தார். நடுக்கட்டைக்குப் பழைய சேலையைச் சுற்றித் தைத்தேன். வளருகிற பிள்ளை என்பதால் கால் வைக்கிற பலகையைக் கழற்றிக் கீழே இறக்கிப் போட வசதியாக ஓட்டைகளும் போட்டுக் கொடுத்தார். கூலி வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்தித்தான் கொடுத்தேன்.

உட்கார ஆரம்பித்த பிறகுதான் அவன் ஒழுங்காகச் சாப்பிட்டான். படுக்க வைத்து ஊட்டினால் சோறும் பாலும் நெஞ்சுக்கூட்டுக்குள் போய் சளி கட்டிக்கொள்ளும். அடிக்கடி காய்ச்சல் வருவதற்கு இது ஒரு காரணம் என்று எத்தனையோ வீடுகளில் தெரியவே தெரியாது. நிமிர்த்தி உட்கார வைத்து, தலை லேசாக முன்னால் சாய்ந்திருக்க, வாய்க்கு நேராகவோ கொஞ்சம் கீழிருந்தோ கரண்டியைக் கொண்டுவரணும். மேலிருந்து கொண்டுவந்தால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும், உடனே புரையேறும். தண்ணீராகவும் வேண்டாம், கட்டியாகவும் வேண்டாம், கூழ் பதம்தான் சரி. நம்ம ஊரில் இதற்குப் பஞ்சமா? பால்சுறாவை அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, முள் பார்த்து, பூண்டு வதக்கிக் கிளறிக் குழைந்த சோற்றோடு பிசைந்து கொடுத்தால் தம்பி கிண்ணத்தைக் காலி பண்ணிவிடுவான். காரப்பொடி, சூடை மாதிரி மீன் பக்கமே போக மாட்டேன், முள் பயம்.

சரி, காகித விஷயம். நிறைய பேர் உதவித்தொகையிலிருந்து தொடங்குவார்கள். முதலில் வேண்டியது மருத்துவச் சான்றும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும். இந்தியா முழுக்கச் செல்லுகிற அட்டை அது, மற்ற எந்தக் கதவைத் தட்டினாலும் அதைத்தான் கேட்பார்கள். 2016-ஆம் வருஷச் சட்டப்படி இருபத்தொரு வகைக் குறைபாடுகள் இதில் வரும். நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். அட்டை கையில் வந்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனுக் கொடுக்கலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், தசைச் சிதைவு நோய் உள்ளவர்கள் போன்றோருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். தம்பிக்கு அது மருந்துக்கும் டயப்பருக்கும் சரியாக இருக்கிறது.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுக்கும் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துகிற 'நிராமயா' காப்பீடு இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. ஆஸ்பத்திரியில் படுக்கணும் என்றில்லை, பயிற்சிக்கும் வெளிநோயாளிச் செலவுக்கும் கேட்கலாம். எங்கள் பக்கம் இதன் பெயரே பல பேர் கேள்விப்பட்டதில்லை. இன்னொன்று: பிள்ளைக்குப் பதினெட்டு வயசு முடிந்துவிட்டால் பெற்றவர்கள் என்பதாலேயே சட்டப்படி காப்பாளர் ஆகிவிட மாட்டோம். ஆட்சியர் தலைமையில் இருக்கிற உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் சான்று வாங்கணும். வங்கிக் கணக்கு, சொத்து என்று வரும்போதுதான் இது இடிக்கும். பெரிய பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பள்ளிக்கூடம். "இவனை வச்சு எங்களால பாக்க முடியாது" என்று ஒரு பள்ளியில் சொன்னார்கள். அதே 2016 சட்டம், ஆறு வயசிலிருந்து பதினெட்டு வரைக்கும் நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு இலவசக் கல்வி உரிமை என்கிறது, பக்கத்துப் பள்ளியிலோ விரும்புகிற சிறப்புப் பள்ளியிலோ. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பேசினேன். சேர்த்துக்கொண்டார்கள், வர முடியாத நாட்களுக்கு சிறப்பாசிரியர் வீட்டுக்கே வருகிறார். முதல் நாள் அவர் கொண்டுவந்தது ஒரு டப்பா நிறைய சோழியும் சிப்பியும். சொரசொரப்பு, வழவழப்பு என்று அவன் விரலைப் பிரித்துத் தடவ வைத்தார். மூடியே இருந்த கை ஒரு சோழியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மாமியார் கட்டிலில் படுத்தபடி பார்த்துவிட்டு, நல்லாயிருக்கிற இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

மாமியாரைப் பார்ப்பது வேறு வேலை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்த திட்டம். அதில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. இந்த ஒரு திட்டத்தை நான் மனசாரப் பாராட்டுவேன், ஏனென்றால் அது பாலம் தாண்டி எங்களைத் தேடி வருகிறது. பெரியவர்கள் விஷயத்தில் என்ன செய்வது என்று புரியாதவர்கள் 14567 எண்ணில் கேட்கலாம், முதியோருக்கான இலவச எண்.

ஆம்பளைகளைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கரையில்தான். ஒரு தடைக்காலத்தில் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பயிற்சியைப் பார்க்க வைத்தேன். குதிகாலைப் பிடித்துப் பாதத்தை மேல்நோக்கி அழுத்தி, இருபது முப்பது எண்ணும் வரை பிடித்திருந்து மெல்ல விடணும். கயிறு இழுத்துக் காய்த்த கை, ஆரம்பத்தில் அவன் காலைத் தொடவே பயந்தது. இப்போது கடலுக்குப் போகாத நாளில் காலை நேரப் பயிற்சி அவர் வேலை. "அம்மாதான் பார்க்கணும்" என்பதை நம் வீடுகளில் ஏதோ வேதம் மாதிரி வைத்திருக்கிறோம். அது மாறணும்.

மனநோய் தீரும் என்று நம்பி ஆட்களைக் கூட்டிப்போகிற தர்கா இருக்கும் ஏர்வாடியைப் பற்றிப் பேசாமல் இந்த மாவட்டத்தில் பராமரிப்பைப் பற்றி எழுத முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர். அந்தச் சங்கிலியை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களை மனசில்லாதவர்கள் என்று மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எங்கள் சொந்தத்தில் பெரியம்மா ஒருத்தர் தன் மகனோடு அந்த ஊரில் நாட்கணக்கில் தங்கியவர்தான். ராத்திரி முழுக்கத் தூங்காத, தெருவில் இறங்கி ஓடுகிற பிள்ளை. வீட்டில் வேறு ஆள் இல்லை. டாக்டர் எங்கே இருக்கிறார், மருந்து இருக்கிறதா, யாரும் சொல்லவில்லை. உதவி இல்லாத வீட்டில்தான் சங்கிலி நுழைகிறது. 2017-இல் வந்த மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்துவிட்டது. தர்கா வளாகத்திலேயே தவா–துவா என்று மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்க ஏற்பாடு வந்தது. நம்பிக்கையைக் கைவிடச் சொல்லாமல் மருந்தைக் கையில் கொடுத்தது அது. பெரியம்மா மகன் இப்போது மாதாமாதம் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு வலை கோர்க்கப் போகிறார்.

பார்த்துக்கொள்கிறவர்களின் மனசும் சேதப்படும். தம்பிக்குத் தொடர்ந்து வலிப்பு வந்த ஒரு காலத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, காரணமில்லாமல் அழுகை. ஒரு நடுராத்திரி 14416-க்குப் போன் பண்ணினேன். டெலிமானஸ் என்று பெயர், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. எடுத்த பெண் முதலில் கேட்டது, "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்றுதான். பிள்ளையைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள், என்னைக் கேட்டு எவ்வளவு காலமாகியிருந்தது. நீண்ட நேரம் பேசினார். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரைப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன், தெளிந்தேன்.

இவ்வளவும் இருந்தும், தொடக்கத்தில் சொன்ன கேள்வி அப்படியே நிற்கிறது. எங்கள் பக்கம் இதற்கு எந்த ஏற்பாடும் இல்லை என்பதால் நாங்களே ஒன்று செய்தோம். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் இப்படிப் பிள்ளைகள் உள்ள அம்மாக்கள் சிலர் சேர்ந்து முறை வைத்துக்கொண்டோம். ஒருத்தி ஊருக்குப் போனால் இன்னொருத்தி வந்து உட்காருவாள். பாசி எடுக்கப் போகிற அக்கா ஒருத்தர் எங்களில் உண்டு. தண்ணி வத்துற நேரம் பார்த்து விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் இறங்குகிறவர். அவர் மகளுக்கு ஆட்டிசம். அவர் கடலுக்குப் போகிற காலையில் அந்தப் பிள்ளை என்னோடு தோட்டத்துக்கு வரும். மல்லிகைக் குச்சிகளை நீளம் பார்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கும், யார் பேச்சும் அதற்குத் தேவையில்லை. மதியம் அக்கா என் வீட்டில் இருப்பார், நான் கடைகண்ணிக்குப் போவேன்.

பிள்ளையை அடுத்தவரிடம் விட பயமாக இருக்கும், எனக்கும் இருந்தது. அதற்கு ஒரு வழி கண்டோம். ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பிள்ளைக்கு என்ன மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு. எதைக் கண்டால் மிரளும். எப்படி ஊட்டணும். என் வீட்டுத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது வலிப்பு பற்றி: ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்கவும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, இரும்பு கொடுக்க வேண்டாம், கைகாலை அழுத்திப் பிடிக்க வேண்டாம், மணியைப் பார்க்கவும், ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்காக என் கூடப்பிறந்த தம்பியின் பொண்டாட்டி அதையே படமாகவும் வரைந்து கொடுத்தாள்.

எங்களில் ஒருத்தியின் வீட்டுக்காரரை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. படகோடு போனவர் யாழ்ப்பாணத்துச் சிறையில். அவள் சங்கத்துக்கும் மீன்வளத்துறைக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அலைந்தாள். அந்த நாட்கள் முழுக்க அவள் பையன் எங்கள் வீடுகளில் மாறி மாறிச் சாப்பிட்டுத் தூங்கினான். இந்த மாதிரி நேரத்தில் மீனவக் குடும்பத்துக்குக் கிடைக்கிற நிவாரணத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அந்த வீட்டில் நடக்க முடியாத ஒரு பிள்ளை இருந்தால் அதை யார் பார்ப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கணும்.

திங்கள்கிழமை நடக்கிற மக்கள் குறைதீர்க் கூட்டத்தில் ஒரு மனுக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். கேட்பது ரெண்டுதான். வாரம் ஒரு நாளாவது இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு இடத்தில் நடக்கணும். பகலில் சில மணி நேரம் பிள்ளைகளை நம்பி விட்டுப்போக, பயிற்சி பெற்ற ஆள் இருக்கிற ஒரு கூடம் வேண்டும். அங்கன்வாடி மாதிரி, வயசு வரம்பு இல்லாமல். மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்று ஒருங்கிணைந்த சேவை மையங்களை மாநில அரசு திறந்துவருகிறது, அதைச் சொல்லியே கேட்கப் போகிறோம்.

தீவிலும் மண்டபம் பக்கமும் இருக்கிறவர்கள் கையெழுத்துப் போட வாருங்கள். பிள்ளையின் அடையாள அட்டை நகல், ஆதார் நகல், குடும்ப அட்டை நகல் ஒவ்வொன்று போதும். அட்டை இன்னும் வாங்காதவர்களும் வரலாம், மருத்துவச் சான்றுக்கு என்னென்ன எடுத்துக்கொண்டு போகணும் என்று அப்போதே சொல்லித் தருகிறோம். பாம்பன் தங்கச்சி முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் குழந்தைக்கு ராமநாதபுரத்தில் பயிற்சி ஆரம்பித்துவிட்டது.